முப்பது பேருக்கு சஹ்ராவி குஸ்குஸ்: இரண்டே பானையில் எப்படிச் சமாளிப்பது?

மாடிவீட்டுக்காரி

வணக்கம். நான் ஸ்பெயினில் பில்பாவோவில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் செப்டம்பர் கடைசி ஞாயிறன்று முற்றத்தில் மேசை போட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். போன வருடம் புளியோதரை செய்தேன். ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ரொட்டியைத் தேடிப் போனார்கள். இந்த முறை எதிர்வீட்டு அக்காவும் நானும் சேர்ந்து குஸ்குஸ் (கோதுமை ரவையைச் சின்னப் பருக்கைகளாக உருட்டி ஆவியில் அவிப்பது) செய்வதாக ஒத்துக்கொண்டுவிட்டோம். முப்பது பேர் வருவார்கள்.

அக்கா சஹ்ராவி, அதாவது மேற்கு சஹாராக்காரர். பிறந்தது அந்த மண்ணில் இல்லை. அதுவரை அதை ஆண்டுகொண்டிருந்த ஸ்பெயின் 1975-ல் அங்கிருந்து கிளம்பும்போது வடக்கிலிருந்து மொராக்கோவும் தெற்கிலிருந்து மௌரிடானியாவும் உள்ளே வந்தன. தப்பி ஓடிய சனங்கள் அல்ஜீரியாவுக்குள் டிண்டூஃப் பக்கம் போய் முகாம் போட்டார்கள். அந்த முகாம்கள் இன்னும் இருக்கின்றன. விட்டுவந்த ஊர்களின் பெயரையே அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள்: எல் அயூன், ஸ்மாரா, டாக்லா, அவுசெர்த், பூஜ்தூர். அக்கா ஸ்மாரா முகாமில் பிறந்தவர். முகாம் பிள்ளைகளைக் கோடை விடுமுறைக்கு ஸ்பெயின் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. அப்படி ஒன்பது வயதில் இந்த ஊருக்கு முதல்முறை வந்திருக்கிறார். அப்புறம் படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டார்.

என் கேள்வி இதுதான். குஸ்குஸ் அவிக்கும் பானை (கெஸ்காஸ் என்கிறார், அடியில் குழம்புக் குண்டான், மேலே ஓட்டைப் பாத்திரம்) எங்களிடம் இரண்டுதான் இருக்கிறது. ஒன்றில் ஒரு கிலோவுக்கு மேல் போட முடியாது. முப்பது பேருக்கு மூன்று கிலோ வேண்டும். ஒவ்வொரு ஈடும் மூன்று முறை அவிய வேண்டும். காலை ஐந்து மணிக்கே அடுப்பு மூட்டினாலும் முடியுமா என்று தெரியவில்லை. கூட்டத்துக்குச் சமைத்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

கரண்டிமன்னன்

சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டாகக் கிடைக்கிறதே! கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் முடிந்தது. நான் ஹாஸ்டலில் அதையே உப்புமா மாதிரி தாளித்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

மாடிவீட்டுக்காரி

தம்பி, பாக்கெட்டுக்கு நாங்கள் எதிரி இல்லை. அக்காவே பாக்கெட்தான் வாங்குகிறார். மாவு உருட்ட இங்கே யாருக்கு நேரம் இருக்கிறது? ஆனால் அந்த ஐந்து நிமிட வித்தையைச் செய்தால் பருக்கை ஒன்றோடு ஒன்று சாய்ந்து ஈரமாக உட்கார்ந்துவிடும். குழம்பு ஊற்றினால் களியாகிவிடும். நான் ஒரு தடவை அப்படிச் செய்து அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "இது தண்ணீர் குடித்திருக்கிறது, வேகவில்லை" என்றார். அன்று சாயங்காலமே என்னைத் தன் சமையலறையில் உட்காரவைத்துவிட்டார்.

பாக்கெட்டையும் மூன்று முறை அவிக்கலாம். பருக்கை இரண்டு மடங்குக்கு மேல் உப்பி, உதிரி உதிரியாக நிற்கும். இரவு படுக்கும்போது வயிறு கனக்காது.

உப்புக்கல்

அம்மா, அளவு சொல்லாமல் கதை சொல்கிறீர்களே. ஒரு கிலோவுக்குத் தண்ணீர் எவ்வளவு? எப்போது? எண்ணெய் முதலிலா கடைசியிலா? "கொஞ்சம் தெளிக்கவும்" என்று எழுதினால் பதிவைப் புகார் செய்துவிடுவேன்.

மாடிவீட்டுக்காரி

சரி சரி. ஒரு கிலோவுக்கு எழுதுகிறேன். நான் பக்கத்தில் நின்று டம்ளரால் அளந்தது. அக்கா கையால்தான் அளக்கிறார். (என் டம்ளர் கால் லிட்டர்.)

அகலமான தாம்பாளத்தில் குஸ்குஸைக் கொட்டி மூன்று கரண்டி எண்ணெய் விட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்க்க வேண்டும். குளிர்காலத்தில் கையைத் தேய்த்துச் சூடேற்றிக்கொள்வோமே, அந்த மாதிரி. ஒவ்வொரு பருக்கைமேலும் எண்ணெய் ஏறிய பிறகுதான் தண்ணீர். முதலில் ஒரு டம்ளர், விரல் நுனியால் தெளித்துத் தெளித்து. பத்து நிமிடம் ஊறட்டும். பிறகு ஓட்டைப் பாத்திரத்தில் போட வேண்டும். அழுத்தவே கூடாது, கையிலிருந்து உதிர விட வேண்டும். மூடியும் போடக் கூடாது. நானும் இட்லிப் பழக்கத்தில் மூடியை எடுத்தேன், கையில் ஒரு தட்டு வாங்கினேன். மூடினால் வேர்வை சொட்டி நடுவில் கட்டி விழுமாம்.

பருக்கைக்கு இடையிலிருந்து ஆவி மேலே வர ஆரம்பித்ததிலிருந்து பதினைந்து நிமிடம். அதற்கு முன்னால் கடிகாரம் பார்க்காதீர்கள்.

தாம்பாளத்தில் திரும்பக் கொட்டினால் ஒரே அடையாக விழும். பயப்பட வேண்டாம், கரண்டியின் முதுகால் உடைத்துவிடுங்கள். சூடு கை தாங்கும் அளவுக்கு வந்ததும் உப்புக் கரைத்த தண்ணீர் இரண்டு டம்ளர். இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, கையால் கிளறிக் கட்டி உடைத்து, மறுபடி ஆவி. மூன்றாவது முறைக்கு முன்னால் ஒன்றரை டம்ளர். கடைசியாகக் கொட்டும்போது நெய்யோ வெண்ணெயோ போட்டுத் தேய்க்க வேண்டும். அவர்கள் ஊரில் ஆட்டுப்பாலில் எடுத்த நெய்யோ, ஒட்டகத் திமிலின் கொழுப்போ போடுவார்களாம்.

இத்தனை நேரமும் ஆவி கொடுப்பது வெறும் தண்ணீர் இல்லை, கீழே கொதிக்கும் குழம்பு. எலும்போடு ஆட்டிறைச்சி இரண்டு கிலோ, நான்கு வெங்காயம், உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் சுக்குத்தூள், நிறத்துக்கு மஞ்சள், முந்தின இரவே ஊறவைத்த கொண்டைக்கடலை. இவை முதல் அவியலின்போதே கீழே போய்விடும். இரண்டாவது முறை பானையைத் திறக்கும்போது கேரட், டர்னிப், முட்டைக்கோஸ். மூன்றாவதில் பரங்கிக்காய், சுக்கினி. காயை நறுக்கும்போது சின்னதாக நறுக்கினால் அக்கா கத்தியைப் பிடுங்கிக்கொள்வார். கேரட் நீளவாக்கில் இரண்டாக, கோஸ் நான்காக, அவ்வளவுதான்.

குழம்பு மேல் பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். இரண்டு பாத்திரமும் சேரும் இடத்தில் ஆவி கசியாமல் இருக்க, மாவுக் கரைசலில் நனைத்த துணிப்பட்டையைச் சுற்றிக் கட்டுவார்கள்.

உப்புக்கல்

இப்போது மனசு ஆறியது. மன்னிப்பு.

வடமராட்சி

நான் டொரோண்டோவில் இருக்கிறேன். நீங்கள் அந்தக் கை தேய்ப்பதை எழுதினதை வாசிச்சதும் எனக்கு எங்கட பிட்டுத்தான் கண்ணுக்கு முன்னால வந்தது. அம்மா அவிச்ச கோதம்பமாவைச் சுடுதண்ணி விட்டுக் குழைச்சு, சுண்டு விளிம்பால கொத்திக் கொத்திச் சின்னச் சின்ன உருண்டையாக்கி, நீத்துப்பெட்டி எண்ட ஓலைக் கூடையில போட்டு அவிப்பா. அதுக்கும் அமத்தக் கூடாது, ஆவி உள்ளுக்க போக இடம் விடவேணும். இடம்பெயர்ந்து இருந்த காலத்தில நிவாரணத்துக்குக் குடுத்த மாவில இரவுச் சாப்பாடு அநேகமாக அதுதான். உங்கட அக்காவுக்கு ஒருக்கால் பிட்டு அவிச்சுக் குடுத்துப் பாருங்கோ.

மூண்டு கிலோ விசயத்துக்கு வாறன். முதல் ரெண்டு அவியலையும் முதல் நாள் பின்னேரமே முடிச்சு, நல்லா ஆறவிட்டு, ஈரத்துணியால மூடி வையுங்கோ. ஞாயிறு காலமை மூண்டாம் அவியல் மட்டும்தான். ரெண்டு பானையில ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ள எல்லாம் முடியும். எங்கட கோயில் மடத்தில குஸ்குஸ் அவிக்கேல்லை, ஆனால் இருநூறு பேருக்குப் பிட்டு இப்பிடித்தான் அவிச்சனாங்கள்.

மாடிவீட்டுக்காரி

அண்ணா, கோடி நன்றி! அக்காவிடம் கேட்டேன். முகாமில் கல்யாணத்துக்கு அப்படித்தான் செய்வோம், இதை ஏன் முதலிலேயே கேட்கவில்லை என்கிறார். நான் இங்கே உட்கார்ந்து உலகத்தையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அட்லஸ்வாசி

காசாபிளாங்காவில் ஆறு வருடம் இருந்தவன். நீங்கள் எழுதியிருப்பது மொராக்கோவில் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு வீடு செய்யும் காய்கறி குஸ்குஸ். இதில் தனியாக "சஹ்ராவி" எங்கே வந்தது? பெயரில் அரசியல் செய்யாமல் குஸ்குஸ் என்றே போடலாமே.

தண்ணிலாரி

நான் சொல்லலாமா? 2016-ல் தண்ணீர் வேலையாக டிண்டூஃப் முகாம்களில் சில மாதம் இருந்தேன். தங்கியது முகாம்களின் நிர்வாக இடமான ரபூனியில். முந்தின வருடம் அக்டோபரில் பெய்த மழையில் மண்கல் வீடுகள் ஆயிரக்கணக்கில் கரைந்து போயிருந்தன. நான் போனபோதும் சில குடும்பங்கள் கூடாரத்தில்தான் இருந்தன.

அட்லஸ்வாசி சொல்வதில் பாதி சரி. மூன்று அவியல், மாவுத்துணி, கீழே குழம்பு, இதெல்லாம் மக்ரெப் (வட ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கம்) முழுக்க ஒன்றுதான். 2020-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் குஸ்குஸ் சேர்ந்தபோதும் அல்ஜீரியா, மௌரிடானியா, மொராக்கோ, துனீசியா நான்கும் சேர்ந்துதான் விண்ணப்பித்தன. ஒரு நாடு தனியாக உரிமை கொண்டாட முடியாத பண்டம் அது.

ஆனால் பாலைவனத்துக் கை வேறு. அவர்கள் ஹஸ்ஸானியா அரபி பேசும் ஒட்டக மேய்ப்பர்களின் வாரிசுகள். பழைய சாப்பாடு என்றால் ஒட்டகப் பால், இறைச்சி, பார்லி மாவு, பேரீச்சை. ஏழு காய் போட்ட குஸ்குஸ் எல்லாம் நகரத்துக்காரர்கள் விஷயம். பார்லியில் உருட்டின குஸ்குஸ், பல தானியம் கலந்து உருட்டினது எல்லாம் தெற்கே உண்டு. மசாலா கிட்டத்தட்டக் கிடையாது. இனிப்பு வெங்காயம், திராட்சை என்று மேலே அலங்காரம் செய்வதும் நான் அங்கே பார்த்ததில்லை. எலும்பு, கொழுப்பு, உப்பு. அவ்வளவுதான் ருசி.

முகாமில் அதுவும் சுருங்கிவிடுகிறது. மாதாமாதம் வரும் நிவாரணத்தில் கோதுமை மாவு, அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை. பச்சைக் காய் கொஞ்சமாக வரும், பெரும்பாலும் வெங்காயம், உருளை, கேரட். தண்ணீர் லாரியில் வந்து வீட்டுக்கு வெளியே தொட்டியில் நிரம்பும். அந்தத் தண்ணீரில்தான் குளிப்பு, துவைப்பு, இந்த மூன்று அவியல் எல்லாம். முகாம் ஓரத்தில் பழைய தகரமும் கம்பி வலையும் சேர்த்துக் கட்டின ஆட்டுப் பட்டிகள் வரிசையாக இருக்கும். விருந்தாளி வந்தால் அங்கிருந்து ஓர் ஆடு போகும். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அட்லஸ்வாசி

ருசி வித்தியாசம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எல் அயூன் நகரில் (முகாமைச் சொல்லவில்லை) இருக்கும் மக்களும் அதே குஸ்குஸைத்தான் சாப்பிடுகிறார்கள், அவர்கள் மொராக்கோ...

தண்ணிலாரி

மேற்கு சஹாரா ஐநா பட்டியலில் 1963-லிருந்து இன்றுவரை "தன்னாட்சி பெறாத பிரதேசம்" என்றுதான் இருக்கிறது. தனி நாடா, மொராக்கோவோடு சேர்வதா என்று அந்த மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப் போன ஐநா குழு 1991-லிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. வாக்கெடுப்பு மட்டும் நடக்கவில்லை.

நெறியாளர்

இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள். இது சமையல் பகுதி. அடுத்த அரசியல் பதிவு நீக்கப்படும். (தனிப்பட்ட முறையில்: எனக்குப் பசிக்கிறது.)

சைவப்பூனை

இறைச்சி இல்லாமல் செய்தால் ஆவியில் என்ன மணம் இருக்கும்? எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது.

மாடிவீட்டுக்காரி

முற்றத்தில் நான்கு பேர் சைவம், அவர்களுக்காகத் தனிக் குண்டானில் செய்யப்போகிறேன். வெங்காயத்தை நிறைய எண்ணெயில் நன்றாக வதக்கி, கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரையும் சேர்த்துக் கொதிக்க விட்டால் குழம்புக்கு உடம்பு வரும். சோதித்துப் பார்த்துவிட்டேன், நன்றாகவே இருந்தது. அக்காவிடம் நீட்டினேன். "காய்ச்சல்காரர்களுக்கு நல்லது" என்றார். அவரிடமிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது.

கரண்டிமன்னன்

இரண்டு பட்டை, நான்கு கிராம்பு, ஒரு பிரிஞ்சி இலை போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இன்னொன்று, முப்பது பேர் ஒரே தட்டில் கை வைப்பார்களா? ஸ்பூன் உண்டா?

மாடிவீட்டுக்காரி

பட்டை கிராம்பு போட்டால் பிரியாணி வாசம்தான் வரும், ஆட்டு வாசம் போய்விடும். ஆட்டு வாசம் வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை நேரம் ஆவி பிடிக்கிறோம்!

தட்டு விஷயம் நல்ல கேள்வி. முப்பது பேர் என்று நான் சொன்னதும் அக்கா விரலை மடக்கி எண்ணிவிட்டு, "நாலு தட்டு" என்றார். அவர் ஆள் கணக்கே போடுவதில்லை, தட்டுக் கணக்குத்தான். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்காரலாம். குஸ்குஸைக் குன்று மாதிரி குவித்து, நடுவில் குழி பறித்து இறைச்சி, சரிவில் காய்கள், மேலே இரண்டு மூன்று கரண்டி குழம்பு. மீதிக் குழம்பு தனிக் கிண்ணத்தில்.

வலது கையால் தன் பக்கத்தை மட்டும்தான் எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கத்துக் கேரட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது எதிரே இருப்பவருடையது. இறைச்சியை யாரும் தாங்களாகப் பிய்ப்பதில்லை. தட்டுக்கு ஒருவர், பெரும்பாலும் வீட்டுக்காரர், சின்னச் சின்னதாகப் பிய்த்து ஒவ்வொருவர் முன்னாலும் தள்ளிக்கொண்டே இருப்பார். கவனித்துப் பார்த்தேன், அக்கா எலும்பைத் தவிர தன் பக்கம் எதையும் தள்ளிக்கொள்ளவில்லை.

பருக்கையை உள்ளங்கையில் அள்ளி, லேசாகக் குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்கி வாயில் போட வேண்டும். நான் செய்தால் பாதி மடியில் விழுகிறது. சோறு பிசைந்து வளர்ந்த கை என்று பெருமையாகத்தான் உட்கார்ந்தேன், இங்கே செல்லவில்லை. ஸ்பெயின்காரர்களுக்கு ஸ்பூன் வைப்போம்.

தண்ணிலாரி

சாப்பிட்ட பிறகு டீ மறக்காதீர்கள். சீனப் பச்சைத் தேயிலை, சின்னக் கண்ணாடி கிளாஸ், மூன்று சுற்று. நம்மூர் மீட்டர் காபி மாதிரி உயரத்திலிருந்து கிளாஸுக்குக் கிளாஸ் ஊற்றி ஊற்றி நுரை கட்டுவார்கள். முதல் கிளாஸ் வாழ்க்கை போலக் கசப்பு, இரண்டாவது காதல் போல இனிப்பு, மூன்றாவது மரணம் போல மென்மை என்று ஒரு சொல்வழக்கு அங்கே எல்லோர் வாயிலும் இருக்கிறது. எனக்கு முதல் கிளாஸிலேயே தூக்கம் போய்விடும். ஒரு மணி நேரமாவது ஆகும், பாதியில் எழுந்தால் மரியாதை இல்லை.

மாடிவீட்டுக்காரி

நடந்ததைச் சொல்லக் காத்திருந்தேன். நேற்று முடிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மூன்று கிலோவுக்கும் இரண்டு அவியல் ஆயிற்று. வடமராட்சி அண்ணன் சொன்னபடி ஆறவைத்து மூடி வைத்தோம். ஞாயிறு காலை பத்து மணிக்கு முதல் இரண்டு ஈடும் ஏறின, அருமையாக வந்தன. மூன்று தட்டு நிரம்பியது. மூன்றாவது ஈட்டுக்கு மாவுத்துணி கட்டியது நான். அவசரத்தில் முடிச்சைச் சரியாகப் போடவில்லை போல. பக்கவாட்டில் புஸ்ஸென்று ஆவி போய்க்கொண்டிருந்திருக்கிறது, நான் கீழே மேசைக்கு விரிப்பு போடப் போய்விட்டேன். வந்து பார்த்தால் மேலே பருக்கை சில்லென்று இருக்கிறது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. துணியை அவிழ்த்து, மறுபடி மாவில் முக்கி, பல்லைக் கடித்து இறுக்கிக் கட்டினார். அந்த முகத்தைப் பார்த்து நானும் வாயைத் திறக்கவில்லை.

நாலாவது தட்டு வர அரை மணி தாமதம். அதற்குள் கீழே எல்லோரும் வந்தாயிற்று. மேலே ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், மூன்று தட்டைச் சுற்றி முப்பது பேரும் நெருக்கி அடித்து உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாம் மாடித் தாத்தா, படிக்கட்டில் ஏறும்போது யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாதவர், ஒரு பையனை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கம் பரங்கிக்காயைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். நாலாவது தட்டைக் கொண்டுபோனபோது அதை வைக்க மேசையில் இடமே இல்லை. பழைய தட்டுகளின் மேலேயே கொட்டிவிட்டோம்.

ஸ்பூன்கள் பாதி அப்படியே திரும்பி வந்தன. சைவக் குண்டான் காலி. டீ இரண்டாவது சுற்றிலேயே சர்க்கரை தீர்ந்து, கீழ்வீட்டில் போய் வாங்கி வந்தோம்.

உப்புக்கல்

மீந்ததா? மீந்தால் என்ன செய்வீர்கள்?

மாடிவீட்டுக்காரி

குழம்பு படாத பருக்கை ஒரு கிண்ணம் இருந்தது. இன்று காலை அக்கா அதில் குளிர்ந்த பாலை ஊற்றி, சர்க்கரை போட்டு அனுப்பினார். நான் என் பங்குக்கு மோரும் உப்பும் ஊற்றிச் சாப்பிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

ஆங், இன்னொன்று. செய்யப்போகிறவர்கள் மாவுத்துணியை அவிழ்த்த உடனேயே தண்ணீரில் போட்டுவிடுங்கள். நான் மறந்துவிட்டேன். பானையின் கழுத்தைச் சுற்றி வளையல் மாதிரி காய்ந்து ஒட்டிக்கொண்டது, நேற்று இரவிலிருந்து ஊறிக்கொண்டிருக்கிறது, இன்னும் வரவில்லை.